வேலிக்கு அப்பால் இருக்கும் காடு: டர்பனில் மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றும் வழி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் எந்த முகட்டில் ஏறி நின்றாலும் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒரே காட்சிதான். மேலே வரிசை வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். சரிவில் இறங்க இறங்கப் பச்சை. அடியில் ஒரு ஓடை, அதன் கரையை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய். வீடு கட்ட முடியாத அளவுக்குச் செங்குத்தாக இருந்ததால் மட்டுமே பிழைத்த பச்சை அது. நகரின் வடக்கே உள்ள ஃபீனிக்ஸிலும் நிலைமை இதேதான்.

இப்படித் துண்டு துண்டாக எஞ்சிய காடு, புல்வெளி, ஈரநிலம், ஆற்றங்கரை எல்லாவற்றையும் கோத்து நகராட்சி வரைந்திருக்கும் வரைபடத்துக்கு டிமாஸ் என்று பெயர். டர்பன் பெருநகரத் திறந்தவெளி அமைப்பு என்பதன் சுருக்கம். 1980களில் முளைத்த இந்த யோசனை 2010இல் நகரத் திட்ட விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குள் கட்டடம் எழுப்ப நினைப்பவர் முதலில் நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிமாஸ் நிலத்தில் பெரும்பகுதி நகராட்சியின் சொத்து அல்ல. தனியார் நிலம், பாரம்பரியத் தலைவர்களின் ஆளுகையில் உள்ள நிலம். வரைபடத்தின் கோடு புல்டோசரை நிறுத்தும். உண்ணிச்செடி போன்ற அயல் களையை நிறுத்தாது. நகரத்துக் காடுகளில் பல, ஒரு மரம்கூட வெட்டப்படாமலே, முப்பது நாற்பது ஆண்டுகளில் ஓரத்திலிருந்து கரைந்து போகின்றன. அந்தக் கரைவு எங்கே தொடங்குகிறது, எந்த வரிசையில் வேலை செய்தால் நிற்கும் என்பதே இங்கே பேசப்போவது.

முதலில், இருப்பது என்ன என்று தெரிய வேண்டும்

கையில் அரிவாளை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த மண் எப்போதாவது உழப்பட்டதா?

சாட்ஸ்வொர்த் இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி, 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வாழையும் காய்கறியும் பயிரிட்ட நிலம். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் கொண்டு அரசு அதைக் கையகப்படுத்தி, 1960களில் இந்தியர்களுக்கான நகர்ப்பகுதியாக மாற்றியது. ஆகவே இன்று பள்ளத்தாக்கில் 'பழங்காடு' போல அடர்ந்து தெரிவதில் ஒரு பகுதி, கைவிடப்பட்ட வாழைத்தோப்பின் மேல் முளைத்தெழுந்த இரண்டாம் தலைமுறைக் காடு. அதற்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்டைத் திரும்ப உண்டாக்க முடியும். நீர்க்கரையில் நம் நாவலுக்கு நெருங்கிய உறவான உம்டோனி, தட்டையாகக் குடைவிரிக்கும் அல்பீசியா, காட்டுவாழை என்று இங்கே அழைக்கப்படும் வெள்ளை ஸ்ட்ரெலிட்சியா, பறவைகள் விரும்பும் டிரேமா மரம் எல்லாம் வேகமாக வளர்பவை. பறவையே விதை கொண்டுவரும்.

உழப்படாத புல்வெளி அப்படியல்ல. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கடலோரத்திலும் குளூஃப் பக்கத்து மணற்கல் மேட்டிலும் உள்ள பழைய புல்வெளியில் புல்லைவிடப் பூச்செடி இனங்களே அதிகம். அவற்றில் பெரும்பாலானவை கிழங்கும் தடித்த வேருமாக மண்ணுக்கடியில் பல்லாண்டுகள் வாழ்பவை. ஒரே ஒருமுறை உழுதாலும் போதும். அந்தக் கிழங்குகள் அழிந்துவிடும், விதை வழியாக அவை திரும்புவது மிக அரிது. புல் மட்டும் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

வேறுபாட்டைக் கண்டறிய நல்ல காலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அதுவும் தீ போன பிறகு. பழைய புல்வெளியானால் கரிந்த தரையிலிருந்து மஞ்சள் நட்சத்திரமாக ஹைப்பாக்சிஸ், நீலப் பென்டனீசியா, ஜெர்பெரா, காட்டுக் கிளேடியோலஸ், வாட்சோனியா என்று வகைவகையாகப் பூக்கள் கிளம்பும். பத்தடி நடப்பதற்குள் எட்டுப் பத்து வகை பார்க்கலாம். உழுது விட்ட நிலமானால் தோளுயரக் கூரைப்புல் ஒன்றே மண்டிக்கிடக்கும், இடையிடையே கொய்யாக் கன்று. சந்தேகம் தீரவில்லையென்றால் அரசின் தேசிய புவித் தகவல் அலுவலகத்தில் 1930கள் தொடங்கி எடுத்த வான்படங்கள் இருக்கின்றன. பாத்திக் கோடுகள் அவற்றில் தெளிவாகத் தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல மனதோடு நடக்கும் மரம் நடு விழாக்கள் 'காலியாகக் கிடக்கிறது' என்று புல்வெளியைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. நிழல் விழுந்தால் அந்தப் பூச்செடிகள் செத்துப்போகும். பழைய புல்வெளியில் உள்நாட்டு மரத்தை நடுவதும் அழிவுதான். மரம் நட ஆசையிருந்தால் பள்ளத்துக்குப் போங்கள், கெட்டுப்போன ஓடைக்கரைக்குப் போங்கள். மேட்டுப் புல்லை விட்டுவிடுங்கள்.

புல்வெளிக்கு வேண்டியது தீ

புல்வெளி கேட்பது தீயை. சூலு மொழியில் இன்சிண்டே எனப்படும் சிவந்த தெமெடா புல், சில ஆண்டுகள் எரியாமலும் அறுக்கப்படாமலும் இருந்தால் தன் காய்ந்த தாளின் நிழலிலேயே மூச்சடைத்துச் சாகும். அந்த இடத்தில் முரட்டுப் புல்லும் பிறகு புதரும் ஏறும்.

நடைமுறை இப்படி: நிலத்தை இரண்டு மூன்று பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் கடைசியில், புதுத் தளிர் கிளம்பும் முன் எரிப்பது. ஒரே நாளில் முழு நிலத்தையும் எரிக்கக் கூடாது. டர்பன் வட்டாரத்தில் வாழும் கருந்தலைக் குட்டிப் பச்சோந்தி போன்ற மெல்ல நகரும் உயிர்களுக்குப் போக்கிடம் வேண்டும். முதலில் சுற்றிலும் தீத்தடுப்புப் பட்டை போட்டு அதை எரித்து அணைக்க வேண்டும். பிறகு முதன்மைத் தீயைக் காற்றோடு ஓட விடுவது நல்லது. பலர் பயந்து காற்றுக்கு எதிராகவே எரிக்கிறார்கள். அப்படி எரியும் தீ மெதுவாகத் தரையை ஒட்டி நகர்ந்து புல்லின் குருத்தடியைப் பொசுக்கிவிடும். காற்றோடு ஓடும் தீயின் வெப்பம் மேலே போய்விடுவதால் அடி பிழைக்கும்.

இது தனியாள் வேலை அல்ல. 1998ஆம் ஆண்டின் 101ஆம் எண் புல்வெளி மற்றும் காட்டுத்தீச் சட்டப்படி தீத்தடுப்புப் பட்டை நில உரிமையாளரின் கடமை. தீ அபாய அளவு சிவப்பில் இருக்கும் நாளில் திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது. தீயணைப்புத் துறைக்கும் அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டியே தகவல் போக வேண்டும். நகரத்தில் புகையைப் பற்றிய புகார்தான் பெரிய தடை. கொடியில் காயும் துணியில் கரி விழுகிறது, வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கிறார் என்பதெல்லாம் நியாயமான கவலைகள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டால் எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும். எரிக்கவே வழியில்லாத சிறு துண்டில், அதே பருவத்தில் அறுத்து, அறுத்த புல்லை வெளியே எடுத்துவிட வேண்டும். அங்கேயே விட்டால் அறுத்ததற்குப் பலனில்லை.

காடு ஓரத்தில்தான் சாகிறது

மார்னிங்சைடில் பர்மன் புஷ், கிளென்வுட்டில் பிஜன் வேலி போன்றவை நகரின் நடுவில் நிற்கும் காட்டுத் துண்டுகள். பிஜன் வேலி சுமார் 10 ஹெக்டேர்தான். இந்த அளவில் வடிவம் மிக முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில், காற்று, களை, நாய், குப்பை எல்லாம் சேர்ந்து ஓரத்திலிருந்து 30 மீட்டர் உள்ளே வரை பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஹெக்டேர் சதுரமாக இருந்தால் உள்ளே ஏறக்குறைய 6.5 ஹெக்டேர் நல்ல காடாக மிஞ்சும். அதே 10 ஹெக்டேர், ஓடையை ஒட்டி 100 மீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் நீளமுமாக இருந்தால் மிஞ்சுவது 4 ஹெக்டேருக்கும் குறைவு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அங்கே காடு என்பதில் பாதிக்கு மேல் ஓரம். அந்த ஓரம் யாரோ ஒருவரின் கொல்லைப்புறம்.

கொல்லையிலிருந்து காட்டுக்குப் போவது மூன்று. முதலாவது தோட்டக் குப்பை. வேலிக்கு மேலே வீசும் ஒரு கூடைக் கழிவில் கல்வாழைக் கிழங்கு இருக்கும், டிரடேஸ்கான்ஷியா தண்டு இருக்கும், மடெய்ரா கொடியின் கணுக்கிழங்கு இருக்கும். மக்கிப்போகும் என்று நினைத்துப் போட்டது வேர்விட்டுப் பரவும். குவியல் இருக்கும் இடத்தில் சத்தும் ஈரமும் கூடுவதால் களைக்கே அது மெத்தையாகிறது. இரண்டாவது, கூரைநீரும் முற்றத்து நீரும். குழாய் வேலியோடு நின்றுவிட்டால் மழை நீர் ஒரே இடத்தில் கொட்டி மண்ணை அரித்து வாய்க்கால் வெட்டும். மாகாணத்தில் நானூறுக்கும் அதிகமானோரைப் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளத்தின் அடியை வாங்கிய நகரம் இது. சரிவின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர்கள்தான் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழாய் வாயில் கற்களைப் பரப்பி வேகத்தைக் குறைப்பது கட்டாயம். மூன்றாவது கழிவுநீர். ஓடைக்கரையில் ஆள்துளை பொங்கினால் நாற்றத்தோடு முடிவதில்லை. அந்தச் சத்தைக் குடித்துக் கல்வாழையும் நாணலும் கரையை விழுங்கும். களையை எத்தனை முறை வெட்டினாலும் அடைப்பை எடுக்கும்வரை திரும்ப வரும். ஆள்துளை மூடியின் எண்ணையும் படத்தையும் சேர்த்து நகராட்சியில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

ஓரத்தை அடைக்க நல்ல வழி உயிர்வேலி. நம் களாக்காயின் நெருங்கிய உறவான அமடுங்குலு இதற்கென்றே படைத்தது போன்ற செடி: இரட்டை முள், பசுமை மாறாத இலை, ஜாம் போடத் தக்க சிவந்த பழம், உப்புக்காற்றையும் தாங்கும். 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று மாற்றி நட்டால் சில ஆண்டுகளில் நாயும் நுழையாது, குப்பைக் கூடையும் நுழையாது, பக்கவாட்டு வெயிலும் நுழையாது. நாற்றுக்குச் சாட்ஸ்வொர்த் பக்கத்திலேயே சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. 1980களில் அங்கே தொடங்கிய மூலிகை நாற்றங்கால், சந்தைக்காகக் காட்டில் தோண்டித் தோண்டி அருகிப்போன சூலு மருந்துச் செடிகளை வளர்த்து, வைத்தியர்களுக்கும் வளர்க்கக் கற்றுக்கொடுத்த இடம்.

களை எடுக்கும் வரிசை

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் தங்கள் ஊர்ப் புதர்க்காட்டில் செய்து பார்த்துச் சொன்ன முறை இன்றும் செல்லும்: நல்ல இடத்தில் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போ, மண்ணைக் குறைவாகக் கிளறு, உள்நாட்டுச் செடி திரும்பும் வேகத்துக்கு மேல் வேகமாகப் போகாதே. நம் மனம் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். மிக மோசமான புதரில் இறங்கி, ஒரு சனிக்கிழமையில் முப்பது பேர் வெட்டிச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவோம். அடுத்த மழையில் வெறும் மண்ணில் உண்ணிச்செடி போய்க் குரோமோலினா என்ற களை வரும், அது போனால் பக்வீட் என்ற இன்னொரு களை. திரும்ப வந்து செய்ய ஆள் இருக்கும் அளவுக்கு மட்டுமே வெட்ட வேண்டும்.

சூலுவில் உசந்தனெஸ்வே எனப்படும் குரோமோலினாவையே எடுத்துக்கொள்வோம். 1940களில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் பரவத் தொடங்கியது. ஜூன், ஜூலையில் வெண்மையாகப் பூத்து, அதன்பின் காற்றில் மிதக்கும் விதையைக் கொட்டும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வெட்டு முடிந்திருக்க வேண்டும். அதன் தண்டில் எண்ணெய்ப்பசை உண்டு, பச்சையாகவே எரியும். ஈரக்காட்டின் ஓரத்தில் நின்றுவிட வேண்டிய புல்வெளித் தீயைக் காட்டுக்குள் இழுத்துச் செல்வது இதுதான்.

முழங்கால் உயரத்துக்குட்பட்ட கன்றை மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்கலாம், வேரோடு வரும். பிடுங்கியதைத் தரையில் போடாமல் வேர் மேலே இருக்கும்படி கிளையில் தொங்கவிட்டால் மீண்டும் பிடிக்காது. பெரிய தூரானால் தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள், மட்டமாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டிய முனை ஈட்டிபோல நின்று காலைக் குத்தும். வெட்டிய முகத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சில நிமிடங்களுக்குள் சாயம் கலந்த களைக்கொல்லியைத் தூரிகையால் பூச வேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் உலர்ந்து மூடிக்கொள்ளும், மருந்து உள்ளே இறங்காது, இரண்டு மாதத்தில் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டு கிளம்பும். சாயம் எதற்கென்றால், எது பூசியது எது விட்டுப்போனது என்று தெரிய. ஒருவர் வெட்ட, பின்னாலேயே ஒருவர் பூச என்று இரண்டிரண்டு பேராகப் போவதே சரி. உரங்களுக்கும் விவசாய மருந்துகளுக்குமான 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி, அந்தச் செடிக்கென்று பதிவான மருந்தை லேபிளில் உள்ள அளவில்தான் பயன்படுத்தலாம். காட்டுக்குள் இலைமேல் தெளிப்பது வேண்டாம். அடியில் காத்திருக்கும் உள்நாட்டுக் கன்றுகளும் சேர்ந்து போய்விடும்.

சுண்டைச் செடியைப் பெரிதாக்கியது போலிருக்கும் பக்வீட்டை வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம். இலையின் பொடிமயிர் தொண்டையைப் பிடித்துவிடும். முடக்கத்தானின் பெரிய உறவான பலூன் கொடி மரத்தை மூடியிருந்தால், கொடியை அடியில் வெட்டிவிட்டு மேலே காய விட வேண்டும். இழுத்தால் மரத்தின் கிளையும் சேர்ந்து முறியும். காட்டுத் தரையில் கிடக்கும் சருகைக் கூட்டிச் சுத்தம் செய்யக் கூடாது. குளிர்காலத்தில் பிஜன் வேலிக்கு வரும் அரிய புள்ளி மார்பு த்ரஷ் பறவைக்குச் சருகுக்கடியில்தான் சாப்பாடு.

வெட்டியபின் அக்டோபர், நவம்பரில் முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை, பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை திரும்ப வர வேண்டும். குரோமோலினா விதை மண்ணில் நெடுங்காலம் தங்காது. பூக்க விடாமல் சில ஆண்டுகள் பிடித்துவிட்டால் கை ஓங்கும். உண்ணிச்செடிக்கும் பக்வீட்டுக்கும் அதைவிடப் பொறுமை வேண்டும், பறவைகள் புதிது புதிதாக விதை கொண்டுவந்துகொண்டே இருக்கும்.

கோயிலும் மலைவேம்பும்

இங்கே நம் மக்கள் மாரியம்மன் வழிபாட்டில் வேப்பிலைக்குப் பதிலாகப் பயன்படுத்தி வருவது சிரிங்கா என்ற மலைவேம்பின் இலை. தலைமுறைகளாக வந்த வழக்கம் அது. ஆனால் பறவையும் வௌவாலும் பரப்பும் அதன் பழம் ஓடைக்கரைகளைப் பிடித்துவிட்டது. பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2014இல் வந்த அயல் இன விதிகளில் அது நகர்ப்பகுதியில் 3ஆம் வகை: இருக்கும் மரம் இருக்கலாம், புதிதாக நடவோ கன்று கொடுக்கவோ விற்கவோ கூடாது. அதே மரம் ஓடைக்கரையில் நின்றால் 1ஆ வகையாகிவிடும், கட்டுப்படுத்தியே தீர வேண்டும். வீட்டிலோ கோயிலிலோ நிற்கும் மரத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. பூத்து முடிந்ததும், காய் முற்றுவதற்குள், கிளைகளைத் தறித்துவிட்டால் இலையும் கிடைக்கும், விதையும் பரவாது. பூசைக்குப் பறிக்கும் மஞ்சள் டெகோமா 1ஆ வகை. அதற்குப் பதில் செவ்வந்தியோ செம்பருத்தியோ போதும். ஆற்றில் விடும் படையலில் வாழையிலையும் பூவும் மட்டும் போகட்டும். அலுமினியத் தட்டு, பிளாஸ்டிக் பை, துணி ஆகியவற்றைத் திரும்ப எடுத்துவர ஒரு பையைக் கையோடு கொண்டுபோகச் சொல்வது கோயில் கமிட்டியால் எளிதாக முடியும் காரியம்.

இயந்திரம் வந்து நின்றால்

உள்நாட்டுத் தாவரம் உள்ள நிலத்தில் 1 ஹெக்டேரும் அதற்கு மேலும் அழிக்கச் சுற்றுச்சூழல் ஒப்புதல் வேண்டும். 20 ஹெக்டேரைத் தொட்டால் முழு ஆய்வு. அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட சூழலமைப்பில் இந்த வரம்பு 300 சதுர மீட்டராகச் சுருங்கிவிடும், அதாவது ஒரு சிறு வீட்டு மனை. இயற்கைக் காட்டுக்குள் உள்நாட்டு மரம் ஒன்றை வெட்டவே 1998ஆம் ஆண்டின் 84ஆம் எண் காடுகள் சட்டப்படி உரிமம் தேவை.

'அது வெறும் உண்ணிப் புதர்' என்பதுதான் வழக்கமாக வரும் பதில். சட்டம் அதை ஏற்காது. களை எவ்வளவு ஏறியிருந்தாலும், கடந்த பத்து ஆண்டுகளில் மேல்மண் சட்டப்படி கிளறப்படாமல் இருந்தால், இயல்பாக வளரும் உள்நாட்டுச் செடிகள் உள்ள நிலம் உள்நாட்டுத் தாவர நிலமே என்று விதியின் வரையறையிலேயே இருக்கிறது. ஆகவே ஆதாரம் வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாகத் திறந்து, அதே இடத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். இப்போதே ஒவ்வொரு பருவத்திலும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். டிமாஸ் வரைபடத்தில் அந்த மனை உள்ளே வருகிறதா என்று பார்த்து அதையும் சேருங்கள். இயந்திரம் வந்த அன்று இவற்றைத் தேடத் தொடங்கினால் மாலைக்குள் நிலம் மொட்டையாகிவிடும். இருப்பவற்றை அன்றே நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவுக்கும் மாகாணச் சுற்றுச்சூழல் துறைக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, வேலையை நிறுத்தி ஒப்புதல் ஆவணத்தைக் காட்டச் சொல்லுமாறு கேளுங்கள்.